கவுண்டர் எண் மூன்று

இந்த ஊர்க் கடைகளை எனக்கு
எண்ணாகத்தான் தெரியும்.
பத்தொன்பது வருஷம் மின்வாரியத்தில்.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் ஓட்டை,
அதற்கு இந்தப் பக்கம் நான்.
குகை பிரியாணிக்கடை
எப்போதும் கடைசித் தேதியில்தான் கட்டும்,
நோட்டில் மசாலா வாசனை இருக்கும்.
ஐந்து ரோட்டில் புதிதாய் வந்த மாடி ஓட்டலுக்கு
நாலே மாதத்தில் ஃபீஸ் பிடுங்கினோம்.
எதன் ருசியும் தெரியாது.
ஒன்பது மணிக்குமேல் சேலம் எனக்கு
நாய்ச் சத்தம்,
ஜங்ஷன் பக்கம் ஒரு ரயிலின் ஊளை.

தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்த தமயந்தி
டிபன் டப்பாவைக் கழுவியபடி கேட்டாள்:
'உன்னைப் பூட்டியா வச்சிருக்காங்க?'
யாரும் பூட்டவில்லை.
கதவைத் தள்ளிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதல் வெள்ளிக்கிழமை தட்டுவடை செட்.
இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட் துருவல்,
பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி.
நாகரிகமாய்த் தின்ன வழியே இல்லாத பண்டம்.
தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துவிட்டு
நாற்பத்தி நாலு வயதில்
இன்னொரு செட் கேட்டேன்.

அடுத்த வாரம் ஃபேர்லேண்ட்ஸ்.
மெனுவைப் போனில் பார்க்கச் சொன்னார்கள்.
காபி நுரையில் இலை வரைந்திருந்தது,
இருநூற்றிருபது ரூபாய்.
முகம் தெரியாத இருட்டு.
மேசைக்கொரு பல்பு, ஐந்து வாட்தான் இருக்கும்.
கணக்குப் போடாதே என்றாள் தமயந்தி.
போட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் கொண்டப்பநாயக்கன்பட்டிவரை போய்
மலையடிவாரத்தில் மிளகாய் பஜ்ஜி.
ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஒற்றை வண்டியின் வெளிச்சம்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி
அணைந்து அணைந்து எரிந்தது.
'லோ வோல்டேஜ்' என்றேன்.
ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
எனக்கு நகைச்சுவை வரும் என்பதே
அன்றுதான் தெரியும்.

அம்மாப்பேட்டை புரோட்டாக்கடைக்குப் போனது
பதினொன்றே காலுக்கு.
சால்னா ஊற்றும்போது
கரண்ட் போயிற்று.

இருட்டைவிடச் சத்தம் நின்றதுதான்
முதலில் உறைத்தது.
தெருமுழுக்க ஓடிய தறிகள்
ஒன்றாய் வாயை மூடிக்கொள்ள,
இலையில் புரோட்டாவைப் பிய்க்கும் ஓசைகூடக் கேட்டது.
சந்துகளிலிருந்து ஒவ்வொருவராய் வந்தார்கள்,
லுங்கியும் பனியனுமாய்,
தலையில் பஞ்சுத் தூசியோடு.
கல்லுக்குக் கரண்ட் வேண்டாம்.
போன் வெளிச்சத்தில் மாவு வீசிக்கொண்டிருந்தார் மாஸ்டர்.
எங்கள் இலாகாவை
ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார்கள்.
மேசைக்கடியில் தமயந்தி என் காலை மிதித்தாள்.

'அடங்குங்கப்பா, மூணாம் கவுண்டர் மேடம் இருக்காங்க.'
கல்லாவிலிருந்து கடைக்காரர் இல்யாஸ்.
ஓட்டை வழியே நான் பார்த்தது
மோதிரம் போட்ட அந்தக் கையை மட்டும்.
அவர் பார்த்திருக்கிறார் முகத்தை,
இத்தனை வருஷமும்.

ஒருவர் கொத்தைத் தன் இலையிலிருந்து
கொஞ்சம் நகர்த்தி வைத்தார் எங்களுக்கு.
இன்னொருவர் கேட்டார், கோபமில்லாமல்:
'எப்பங்க மேடம் வரும்?'
ஃபால்ட் பார்க்குறாங்க, வந்துரும்.
இதுதான் வழக்கமான பதில்.
அன்று,
'தெரியலைங்க' என்றேன்.
உள்ளுக்குள் வேறொன்று ஓடியது.
இந்தக் கொத்து முடியட்டும்,
அந்தப் பையன் தன் முதலாளி மாதிரி
பேசிக் காட்டுவது முடியட்டும்,
அதுவரை வரவேண்டாம்.

வந்துவிட்டது.
டியூப்லைட் இரண்டு தரம் கண்ணடித்து எரிய,
தறிகள் கடகடவென்று ஆரம்பிக்க,
பாதி டீயை வைத்துவிட்டு ஓடினார்கள்.

நூற்றி எண்பத்தி ஏழு.
இருநூறு நீட்டினேன்.
பத்து ரூபாய்த் தாளை என் பக்கம் தள்ளி,
கல்லாவைக் கிண்டுவதுபோல் கிண்டி,
என் குரலிலேயே சொன்னார் இல்யாஸ்:

'மூணு ரூபா சில்லறை இல்லை.
அடுத்த பில்லுல பாத்துக்கலாம்.
தள்ளி நில்லுங்க... அடுத்தது யாரு?'